மூன்றாவது ஊசி

சரவணம்பட்டி
7.7.2025

சாந்தாமணிக்கு,

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நிச்சயம் ஆன புதிதில்கூட எழுதியதில்லை. உன் அப்பா வீட்டுக்குப் போன் போட்டு, "மழைங்களா அங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இப்போது சரவணம்பட்டியிலிருந்து கிணத்துக்கடவில் உன் தம்பி வீட்டுக்குத் தபால் போடுகிறேன் என்றதும் மதன்குமாருக்குச் சிரிப்பு. "ஏனுங்ணா, வண்டிய எடுத்தா ஒரு மணி நேரம். போயி நேர்லயே சொல்லிப்போட்டு வரலாமுங்க" என்கிறான். பட்டறையில் லேத் ஓட்டுகிறவனுக்கு இருக்கும் தைரியம் பட்டறைக்காரனுக்கு இல்லை.

போனில் எனக்கு முடியாது. நான் பேசாமல் இருந்தால் கோபமாக இருக்கிறேன் என்று நீ எடுத்துக்கொள்கிறாய். கோபமில்லை, வார்த்தை வந்து சேர நேரமாகிறது. இதுவும் மனச்சோர்வின் குணம்தான் என்கிறார் டாக்டர் நித்யஸ்ரீ. எழுதினால் எவ்வளவு நேரம் ஆனாலும் காகிதம் கோபித்துக்கொள்ளாது.

சனிக்கிழமை நடந்ததற்கு வருகிறேன். "குடிய உட்ட மனுசனுக்கு ஊசியில போதைய ஏத்துறாங்க, நீங்களும் கைய நீட்டிட்டுப் படுத்துக்கறீங்க" என்றாய். "அப்டீன்னா உங்கம்மா ஊட்டுக்குப் போயிரு" என்றேன். உன் அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது என்பது, நீ பையோடு படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய்.

கெட்டமைன் என்பது சாராயம் இல்லை. ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்து. அதையே கொஞ்சமாக நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் சோர்வு சில மணி நேரத்திலேயே இறங்கும் என்கிறார்கள். மூன்று விதமான மாத்திரை மாதக்கணக்கில் போட்டும் கேட்காததால்தான் எனக்கு இது. முதல் இரண்டு தடவையும் நன்றாக மிதந்தேன். மின்விசிறி எங்கோ தூரத்துக்குப் போனது. என் கை வேறு யாருடையதோ போல இருந்தது. ஆனால் இறங்கி வந்தால் அதே பாரம், கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி கட்டிலுக்குக் கீழேயே காத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மூன்றாவது. அதற்கும் கேட்காவிட்டால் நான்காவதோடு நிறுத்திவிடுவார்களாம். பிறகு என்ன என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு வருகிறது என்று உன்னிடம் ஒருமுறை சொன்னேன். நீ எழுந்துபோய் சாமி அறையில் உட்கார்ந்துகொண்டாய். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

போதையை நினைத்து நீ பயப்பட வேண்டாம். யார் தயவும் இல்லாமல், ஒரு மாத்திரைகூடப் போடாமல், மனசாலேயே குடியை விட்டவன் நான். இந்த ஜென்மத்தில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அது உனக்கும் தெரியும்.

ஆடி பிறக்கப் போகிறதல்லவா, எதிர்வீட்டு அம்மா "ஆடிக்கு அம்மா ஊட்டுக்குப் போயிட்டாங்களா புதுப்பொண்ணு?" என்று கேலி பேசுகிறார். ஆமாங்க என்று சொல்லிவைத்தேன்.

வெள்ளியங்கிரி


கிணத்துக்கடவு
10.7.2025

மேக்னா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை லோகப்பிரியா கொண்டுவந்து கொடுத்தாள். தட்டில் வைத்து நீட்டாத குறை. என் தம்பிக்கு வாய்த்தவள் நல்ல பெண். அதுதான் சங்கடமே. நான் வாணலியைத் தொட்டால், "அக்கா, நீங்க உக்காருங்க, நான் செஞ்சுக்கறேனுங்க" என்று கரண்டியை வாங்கிக்கொள்கிறாள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. தம்பி மனோஜ்குமார் காலையில் தேங்காய் லோடுக்குப் போனால் இருட்டிய பிறகு வருகிறான். எனக்கு மாடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் காற்று துணிமணியை அள்ளிக்கொண்டு போகிறது. மூடினால் ஆள் இல்லாத வீடு போல இருக்கிறது, நான் இருந்தும்.

நீங்கள் குடியை விட்டவர் என்பது எனக்குத் தெரியாதா? விட்டவரைத்தான் காக்க வேண்டியிருக்கிறது. மேக்னா பன்னிரண்டாவது பரீட்சைக்குக் கிளம்பிய காலையில் வாசலில் விழுந்து கிடந்தீர்கள். அவள் உங்களைத் தாண்டிக்கொண்டு போனாள். பாவாடை உங்கள் மேல் படாமல் இருக்க ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்று பெங்களூரில் வேலை பார்க்கிறாள், நீங்கள்தான் அவளுக்கு உசிர், எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாவாடையை அவள் பிடித்துக்கொண்ட விதம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் ஊசி என்றதும் சத்தம் போட்டேன். தப்பென்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா வீடு என்று நீங்கள் சொன்னதற்கு நான் அழவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது ஊர்ப்பெயர் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜில் மேல்தட்டில் புளிக்காய்ச்சல் இருக்கிறது. பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுதுங்கள். காலையில் காபி யார் போடுகிறார்கள்? ருசி எப்படி இருக்கிறது?

சாந்தாமணி


சரவணம்பட்டி
18.7.2025

சாந்தாமணிக்கு,

நல்ல சேதி. எழுதும் கை ஓடுகிறது பார்.

போன வெள்ளிக்கிழமை மூன்றாவது ஊசி. எப்போதும் போல மிதந்தேன், இறங்கினேன். மதன்குமார் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தான். காந்திபுரம் சிக்னலில் நின்றோம். ஓரமாக ஓர் அம்மா கூடையில் நாவற்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டும் போல இருந்தது. சாந்தா, எனக்கு வேண்டும் போல இருந்தது. ஒரு வருஷமாக எனக்கு எதுவுமே வேண்டியிருந்ததில்லை. நீ வைத்ததைத் தின்றேன், விரித்த இடத்தில் படுத்தேன். மதன்குமாரை இறங்கச் சொல்லி வாங்கினேன். வாயெல்லாம் ஊதா. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான், கண் கலங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை நான்காவதும் போட்டார்கள். இருந்து என்ன என்ற நினைப்பு இப்போது இல்லை. எங்கே போனதென்று தேடிக்கூடப் பார்த்தேன்.

டாக்டருக்கே ஆச்சரியம். "முதல் ரெண்டுக்கும் அசையாம இருந்தீங்க, மூணாவதுல இப்படி. நடுவுல என்னங்க மாறுச்சு?" என்று கேட்டார். குடியை விடுவதற்கு ஏதாவது மாத்திரை போட்டுக்கொண்டிருந்து இப்போது நிறுத்தினீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். எதற்கு என்றேன். அவர் சொன்னதை நம் பட்டறைக் கணக்கில் சொல்கிறேன்.

நம் மூளையே அபின் மாதிரி ஒரு சரக்கைத் தயார் பண்ணுகிறதாம். வலி தணிவதற்கும், மனசு நிறைவதற்கும் அதுதான் காரணமாம். அந்தச் சரக்கு வந்து உட்கார மூளைக்குள் இடம் இருக்கிறது, ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் போல. கெட்டமைன் வேறு இடத்தில் வேலை செய்கிற மருந்துதான். ஆனாலும் அது தரும் தெளிச்சிக்கு இந்த இடமும் அடைபடாமல் காலியாக இருக்க வேண்டுமாம். குடியை மறக்கக் கொடுக்கும் ஒரு வகை மாத்திரை இருக்கிறது. அது பேரிங் அளவிலேயே செய்த வெறும் கட்டை. சுற்றாது, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் குடித்தாலும் ஏறாது. அதே கட்டை இருந்தால் கெட்டமைன் போட்டாலும் ஆள் மிதப்பான், மனசு மட்டும் தெளியாது. ஒரு சின்ன ஆராய்ச்சியில் அப்படித் தெரிந்ததாம். வேறு சில ஆராய்ச்சியில் அப்படித் தெரியவில்லையாம். டாக்டர்களுக்குள்ளேயே அந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "அந்த மாதிரி மாத்திரைய அஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தாருங்க. வாங்குன அன்னிக்கே சாக்கடையில வீசிப்போட்டேன். நானே உட்டதுங்க." அப்படியானால் மாறியது எது என்று மறுபடி கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான். "ஊட்ல சம்சாரம் இல்லீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

கோபத்தில் எழுதவில்லை, தெளிந்த புத்தியோடு எழுதுகிறேன். நீ வீட்டில் இருந்தால் என்னைக் காவல் காப்பாய். கடைவீதிக்குப் போனால் ஜன்னலில் நிற்பாய். திரும்பி வந்தால் வாயை முகர்வாய், முகரவில்லை என்பது போல. யாராலும் அதற்கு நடுவில் மூச்சுவிட முடியாது. நீ இல்லாத வாரத்தில் எனக்கு மூச்சு வந்தது. நீ அங்கேயே கொஞ்ச காலம் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லதோ என்று தோன்றுகிறது.

காபி நானேதான் போடுகிறேன். உன் காபியை விட ருசியாகவே இருக்கிறது, சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. கசப்பில்லை.

வெள்ளியங்கிரி


கிணத்துக்கடவு
21.7.2025

மேக்னா அப்பாவுக்கு,

நாவற்பழம் வாங்கினீர்கள் என்று படித்ததும் கொல்லையில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். காற்றில் தூசி விழுந்துவிட்டது என்று லோகப்பிரியாவிடம் சொன்னேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். காரமடை ரங்கநாதருக்கு வேண்டியிருந்தேன், அவர் கேட்டுவிட்டார். எப்படிக் கேட்டார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் ஜன்னலில் நிற்பது உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

பேரிங் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டாக்டரிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கட்டை ரொம்ப காலம் உட்கார்ந்திருந்தால், எடுத்த பிறகு அந்த இடம் கெட்டுப்போயிருக்குமா? மனுஷனுக்கு மனச்சோர்வு வந்ததே அதனால்தான் என்று ஆகுமா? யாருக்கு என்று கேட்டால், தெரிந்தவர்களுக்கு என்று சொல்லுங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு வரலாம் என்று இருந்தேன். இனி நீங்கள் சொன்னால்தான்.

சாந்தாமணி


சரவணம்பட்டி
31.7.2025

சாந்தாமணிக்கு,

டாக்டரிடம் கேட்டேன். இடம் ஒன்றும் கெடாதாம். மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடுமாம். சோர்வுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாதாம், இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாதாம். உன் தெரிந்தவர்களுக்குச் சொல்லிவிடு. அங்கே யார் குடிக்கிறார்கள்? மனோஜ்குமாரா? அப்படியானால் அவனை என்னிடம் அனுப்பு. மாத்திரையெல்லாம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மதன்குமார் மச்சான் வீட்டு விசேஷம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பையன்கள் கேட்டார்கள், நான் குடியை விட்ட கதையைச் சொன்னேன். ஒரு நாள் பிராந்தி தொண்டையில் இறங்கியது, ஏறவே இல்லை. மறுநாளும் ஏறவில்லை. சனியனே, உனக்கும் எனக்கும் தீர்ந்தது என்று கிளாஸைக் கவிழ்த்துப்போட்டு எழுந்தேன், மனசு இருந்தால் போதும் தம்பிகளா என்றேன். எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் நாலு பேருக்கு நடுவே பேசினேன்.

பதினெட்டுக்கு வர வேண்டாம். பயமாக இருக்கிறது, சாந்தா. கிடைத்தது கையை விட்டுப் போய்விடுமோ என்று. அதனால் பட்டறை வண்டியில் உன் சாமான்களை அனுப்புகிறேன். புடவைப் பெட்டி, தையல் மிஷின், உன் சாமி படம். காபி ஃபில்டரும் இருக்கிறது, அது உன் அம்மா சீராகக் கொடுத்தது, நான் வைத்துக்கொள்வது முறையில்லை. மேக்னாவுக்கு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் மேல் எனக்கு வெறுப்பில்லை. இதை எழுத நேரமாகவில்லை என்பதுதான் எனக்கே சங்கடமாக இருக்கிறது.

வெள்ளியங்கிரி


கிணத்துக்கடவு
5.8.2025

மேக்னா அப்பாவுக்கு,

சாமான்கள் வந்து சேர்ந்தன. மதன்குமார் என் முகத்தைப் பார்க்காமல் இறக்கி வைத்துவிட்டு, "வாரேனுங்க்கா" என்று போய்விட்டான். ஃபில்டரைக் கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொழுது உட்கார்ந்திருந்தேன். இனி மறைத்து ஆவது ஒன்றுமில்லை.

நீங்கள் சாக்கடையில் வீசிய மாத்திரையை நான் மறுபடி வாங்கினேன். டாக்டர் எழுதிய சீட்டு என்னிடம்தான் இருந்தது, அதைக் காட்டித் தெரிந்த மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்கிக்கொண்டேன். மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள். "நான் என்ன பைத்தியமா" என்று கேட்டு, அதற்கும் சேர்த்துக் குடித்துவிட்டு வருவீர்கள். அதனால் சுக்கு இடிக்கும் உரலில் பொடி பண்ணி, காலையில் காபியில் போட்டேன். கசக்கிறதே என்றீர்கள். கடைக்காரன் சிக்கரியை மாற்றிவிட்டான் என்றேன். அந்த வாரம்தான் உங்களுக்குப் பிராந்தி ஏறாமல் போனது.

அப்புறம் எப்படி நிறுத்துவது? நிறுத்தினால் திரும்பவும் ஏறுமே. கல்யாணம் காட்சிக்கு வெளியூர் போனால் குங்குமச் சிமிழில் பொடியை வைத்துக்கொண்டு போவேன். போன மாசம் ஐந்தாம் தேதி வரை, நான் பஸ் ஏறிய அன்று காலை வரை, ஒரு நாளும் தவறவில்லை.

பட்டறையில் இரும்பு விழுந்து உங்கள் கால் நசுங்கியபோது ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. இரண்டு நாள் துடித்தீர்கள். "இந்த ஊசிக்குக் கேக்காம இருக்காதே" என்று நர்ஸ் சொன்னார். அந்த மாத்திரை போடுகிறவருக்குச் சில வலி ஊசி கேட்காது என்று மருந்துக்கடையில் சொல்லியிருந்தார்கள், எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நீங்கள் அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து நேராகக் கடைக்குத்தான் போவீர்கள் என்று நினைத்தேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சொல்லவில்லை. அதற்குச் சாமிகூட என்னை மன்னிக்க வேண்டாம்.

எல்லாரும் உங்கள் மன உறுதியைப் புகழ்ந்தார்கள். வெள்ளியங்கிரியைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று ஒவ்வொரு வீட்டிலும் பையன்களுக்குச் சொன்னார்கள். நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். மேக்னாவிடம் சொல்ல முடியாது, தம்பியிடம் சொல்ல முடியாது, கோயிலில்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஒரே வீட்டில், ஒரே பாயில், இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றோடு நான் மட்டும் தனியாகப் படுத்திருந்தேன். நீங்கள் ஜன்னலைத்தான் பார்த்தீர்கள்.

பொடி போட ஆரம்பித்து நான்கு வருஷத்துக்குப் பிறகு உங்களுக்குச் சோர்வு வந்தது. என் பொடிதானோ என்று பயந்தேன். ஊசி என்றார்கள், அந்தப் போதை திரும்பவும் குடிக்கு இழுத்துக்கொண்டு போகும் என்று பயந்தேன். பயந்து பயந்து செய்ததெல்லாம் உங்கள் தெளிச்சிக்கு முன்னால் கட்டையாக உட்கார்ந்திருக்கிறது.

இதை எழுதாமல் இருந்தால் நீங்கள் உங்கள் பெருமையோடு இருப்பீர்கள், நான் இங்கேயே இருந்துவிடலாம். மூன்று நாள் அப்படித்தான் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் வீட்டில் இல்லாததுதான் உங்களுக்கு மருந்து என்று ஆனால், நான் எங்கே போய் இல்லாமல் இருப்பேன்?

ஒன்று மட்டும் நினைவு வையுங்கள். நான் கிளம்பிய நாளிலிருந்து உங்கள் உடம்பில் எந்தப் பொடியும் இல்லை. இந்த ஒரு மாசம் நீங்கள் குடிக்காமல் இருந்தது முழுக்க முழுக்க நீங்களே.

சாந்தாமணி


கிணத்துக்கடவு
24.8.2025

மேக்னா அப்பாவுக்கு,

பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் தபால்காரர் வரும் நேரத்துக்கு மாடியிலிருந்து இறங்கிவிடுகிறேன்.

மதன்குமார் மனோஜுக்குப் போன் போட்டானாம். "அண்ணன் பட்டறைக்கு வர்றதில்லீங்க" என்று மட்டும் சொன்னானாம். வேறெதுவும் சொல்லவில்லையாம். சொல்லாததும் எனக்குப் புரிந்தது. நானே பொடி போட்டு மூடி வைத்தேன், நானே கடிதம் போட்டுத் திறந்துவிட்டேன்.

நேற்று பஸ் நிலையம் வரை போனேன். கோயம்புத்தூர் பஸ் வந்து நின்றது. நான் வந்தால்தான் நீங்கள் இன்னும் மோசமாவீர்களோ என்று கால் எழவில்லை. திரும்பி வந்தேன்.

ஆடி முடிந்து ஆவணியும் வந்துவிட்டது. எப்போது போகிறீர்கள் என்று லோகப்பிரியா கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு கேள்விதான்.

ஒரு வரி போதும். திட்டியாவது எழுதுங்கள்.

சாந்தாமணி


சரவணம்பட்டி
4.9.2025

சாந்தாமணிக்கு,

திட்டி நான்கு கடிதம் எழுதினேன். கிழித்துப்போட்டேன். இது ஐந்தாவது.

நீ எழுதியதை நான் நம்பவில்லை. பொறாமையில் எழுதுகிறாள், நான் நானாகவே தெளிந்ததும் நானாகவே குடியை விட்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். நம்பாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. கடைக்குப் போய் ஒரு குவாட்டர் வாங்கிவந்து பட்டறையில் லேத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்பு ஏறாதது இப்போதும் ஏறக்கூடாது, அப்படியானால் நீ சொல்வது பொய். ஒரு கிளாஸ் குடித்தேன்.

ஏறியது, சாந்தா. காதெல்லாம் சூடானது. பழைய சிநேகிதன் வந்து தோளில் கை போட்டது போல இருந்தது. அப்போதுதான் நம்பினேன். பந்தியில் சொன்ன கதை, மேக்னாவிடம் சொன்ன கதை, கண்ணாடியில் எனக்கே சொல்லிக்கொண்ட கதை, எல்லாம் உன் சுக்கு உரலில் இடித்தது. நான் வெறும் மனுஷன். அந்த ஒரு கிளாஸோடு எழுந்து வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுந்து வரவில்லை. பத்து நாளுக்கு மேல் ஓடியது. மதன்குமார் பட்டறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் பட்டறைச் சாவியை நான் அவனிடம் கேட்டு நின்றேன். "தெளிஞ்சு வாங்க, தாரேனுங்க" என்றான்.

அவன்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். உன் கடிதத்தை அப்படியே டாக்டரிடம் நீட்டினேன். முழுக்கப் படித்தார். பிறகு உன் மேல் கோபப்பட்டார். ஈரல் என்னவாகியிருக்குமோ என்று அன்றைக்கே ரத்தம் எடுத்தார். தப்பித்தேன், ஈரலுக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்குத் தெரியாமல் அவர் உடம்புக்குள் மருந்தை அனுப்புவது எந்தப் பாசத்திலும் சேராது என்றார். நான் தலையாட்டினேன். கால் நசுங்கிய அந்த இரண்டு நாளை என்னாலும் மன்னிக்க முடியவில்லை. உன் கை என் கையைப் பிடித்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்துத்தான் அப்போது பொறுத்துக்கொண்டேன். இப்போது அதை எந்தக் கணக்கில் வைப்பதென்று தெரியவில்லை.

அப்படியானால் என்னைத் தெளிய வைத்தது மாத்திரை போனதா, அவள் போனதா என்று கேட்டேன். "எனக்குத் தெரியலீங்க" என்றார். "மாத்திரையும் அவங்களும் ஒரே நாள்ல போயிருக்காங்க. மூணாவது ஊசியிலதான் சிலருக்குக் கேக்கவே கேக்கும். எதுன்னு நான் எப்படிச் சொல்லறது?" பட்டறையில் இது எனக்குத் தெரியாதா? மோட்டார் சத்தம் போட்டால் பேரிங்கையும் ஷாஃப்டையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவன் மடையன். ஒன்றை மட்டும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். மாத்திரை இல்லாமல் நீ மட்டும் திரும்பி வந்தால்தான் எது என்று தெரியும்.

நீ வந்தும் எனக்குத் தெளிச்சி நின்றால் கட்டைதான் காரணம். நீ வந்து நான் மறுபடி இருண்டுபோனால், அப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். உனக்குப் பயம் என்று எழுதியிருந்தாய். எனக்கும்தான். ஆனால் நாவற்பழம் சீசன் முடிந்துவிட்டது, அந்த ருசியை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. மதன்குமாரிடம் எத்தனை தடவை சொல்வது?

குடிக்கு வேறு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். அந்த இடத்தை அடைக்காத வகையாம். மறுபடி ஊசி போட வேண்டி வந்தாலும் குறுக்கே வராதாம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. கேட்டால் போடமாட்டேன் என்று நினைத்துத்தானே நீ கேட்கவே இல்லை? இப்போது நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மத்தியான வேளை மட்டும் மறந்துபோகிறது.

கோபம் போகவில்லை. நீ வந்தால் முகம் கொடுத்துப் பேசுவேனா என்றும் தெரியாது. நீ ஜன்னலில் நின்றால் நின்றுகொள். ஃபில்டரை எடுத்துக்கொண்டு வா, காபி நான் போடுகிறேன். மாத்திரையை மட்டும் மூன்று வேளையும் என் கண்முன்னே எடுத்து, என் கையில் கொடு.

வெள்ளியங்கிரி